ராமர் படத்துக்கு வைத்த தவிடு

ஈப்போ,
3-5-1943

அன்புள்ள மங்களத்துக்கு உன் புருஷன் அர்ச்சுனன் எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன், வேலையும் இருக்கிறது. இந்தக் காலத்தில் இதற்கு மேல் சுகம் கேட்டால் சாமிக்கே கோபம் வரும். நீயும் நம் அஞ்சலையும் எப்படி இருக்கிறீர்கள்? தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் போட்ட மரவள்ளி கிழங்கு வைத்ததா? இதைக் கொண்டுவரும் பிச்சைமுத்து எங்கள் முதலாளி சீனியின் லாரி டிரைவர். நம்பிக்கையான ஆள். தபாலில் போட்டால் எவனெவனோ பிரித்துப் படிக்கிறான். பதிலை இவனிடமே கொடுத்தனுப்பு.

என் வேலையைப் பற்றி எழுதினால் குமட்டுகிறது. எழுதாவிட்டால் அதைவிட அதிகமாகக் குமட்டும், அதனால் எழுதுகிறேன். சண்டைக்கு முன்னால் இந்தச் சீனி கடைத்தெருவில் கல்யாணப் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தவன். இப்போது ஜப்பான்காரனுக்குக் கான்ட்ராக்டர். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவிலிருந்தும், ஊருக்குக் கப்பலேறிவிட்ட செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கியிலிருந்தும் படங்களை வாரிக்கொண்டு வந்து கடையில் கொட்டுகிறான். நான் துடைத்து, ஒட்டி, சட்டம் மாட்டித் தருகிறேன். அவை அதிகாரிகள் வீட்டுச் சுவருக்குப் போகின்றன. திருட்டுச் சொத்துக்குப் பொட்டு வைத்து விடுகிற வேலை என்று வைத்துக்கொள்.

போன வாரம் ஒரு பட்டாபிஷேகப் படம் வந்தது. அசல் தஞ்சாவூர் வேலை. பலாப் பலகையில் துணி ஒட்டி, நகைகளைச் சுண்ணாம்புக் கலவையில் மேடாக எழுப்பி, மேலே தங்கரேக்கு பதித்தது. பார்த்ததும் தொட்டுக் கும்பிட்டேன். கையை எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சீனி அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறான் மங்களம்! ராமர் முகத்தில்! "பளபளன்னு இருக்குலா" என்கிறான். எண்ணெயில் தூசி அப்பி, சீதையின் புடவையில் கரப்பான் கால் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. சீ! தண்ணீர் பட்டால் சாயம் கரைந்துவிடும், சோப்பும் ஆகாது. தவிட்டை வெதுவெதுப்பாக வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றி ஒற்றி எடுக்கிறேன். எண்ணெயைத் தவிடு குடித்துவிடும். தினம் ஒரு கொட்டாங்கச்சித் தவிடு சீனி வீட்டிலிருந்து இதற்கென்றே அளந்து வருகிறது.

இன்னொன்று. பலகையிலிருந்து துணி அங்கங்கே எழும்பிவிட்டது, திரும்ப ஒட்டவேண்டும். சீனி காய்ச்சுகிற வச்சிரப் பசையை நான் தொட மாட்டேன். மாட்டுத்தோல் கிடைக்கவில்லை என்று கண்ட மிருகத்தின் தோலையும் போட்டுக் காய்ச்சுகிறான். அந்தப் பானை கொதித்தால் தெருநாய் கூட எதிர்ப்பக்கமாகப் போகிறது. சாமி படத்துக்குப் புளியங்கொட்டைப் பசைதான் முறை. நம் தோட்டத்துக் கோயில் புளியமரத்தடியில் கொட்டை பொறுக்கி ஒரு பை அனுப்பு. அஞ்சலைக்கு என் முத்தம்.

உன் அர்ச்சுனன்

~

சுங்காய்,
16-5-1943

அன்புள்ள மச்சானுக்கு மங்களம் எழுதுவது.

சுகம் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அஞ்சலைக்குக் கால் வீங்கிவிட்டது. இரண்டு காலும் முழங்கால் வரைக்கும். விரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் விழுகிற மாதிரி குழி விழுந்து, அப்படியே நிற்கிறது. நடக்கச் சொன்னால் அழுகிறாள். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பெரிபெரிமா இது. வெறும் மரவள்ளியவே தின்னா இப்பிடித்தான் வரும். மருந்து எங்கிட்ட ஏது? தவிடு கெடைச்சா குடு, வத்திரும். நெஞ்சுக்கு ஏறிருச்சின்னா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாதுலா" என்றார். தவிட்டுக்கு எங்கே போவது? இங்கே அரிசியைக் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகிறது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உங்கள் கடிதம் வந்தது. தவிடு என்ற வார்த்தையைப் படித்ததும் கடிதத்தோடு எழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டு இருளாயி அக்காவிடம் ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். "அடியே, ஒம் புருஷன் மருந்தக் கையிலயே வச்சிக்கிட்டுல்ல ஒக்காந்திருக்காரு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

தினம் வருகிற கொட்டாங்கச்சியில் பாதியை எடுத்து வைத்தாலும் போதும் மச்சான். எண்ணெய் பட்டது வேண்டாம், சுத்தமானதாக அனுப்புங்கள். பிச்சைமுத்து அண்ணன் அடுத்த நடை வரும்போது கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

புளியங்கொட்டை கேட்டீர்கள். மரத்தடியில் ஒன்று கூடக் கிடையாது. லயத்து ஜனம் எல்லாம் பொறுக்கி வறுத்துத் தின்கிறோம். நீங்கள் ஒட்டுவதற்குக் கேட்டதை நாங்கள் மென்றுவிட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தவிட்டை மறக்காதீர்கள்.

மங்களம்

~

ஈப்போ,
24-5-1943

அன்புள்ள மங்களத்துக்கு,

பிள்ளை கால் விஷயம் படித்து மனசு கலங்கிப்போனேன். மாரியம்மன் கைவிட மாட்டாள். இரண்டு காலையும் தலையணை மேல் உயர்த்தி வை.

நீ தவிட்டைச் சொன்னாய். யோசித்துப் பார். எனக்கு வருவது படத்துக்கென்று அளந்து வருவது. அதில் கை வைத்தால் திருட்டு. கடை முழுக்கத் திருட்டுச் சொத்துதான், அதனால்தான் நான் ஒருவனாவது சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒற்றி முடித்த தவிட்டைச் சீனி வீட்டு வாத்துக்குப் போடுகிறார்கள். அதைக் கேட்கலாம் என்றால், எண்ணெயும் அழுக்கும் பழைய சாயமும் இறங்கியது, பிள்ளைக்கு ஆகாது. போகட்டும், இப்போது அந்தத் தவிடும் இல்லை. நான் வேலையை நிறுத்திவிட்டேன். காரணத்தைக் கேட்டால் நீயும் காறித் துப்புவாய்.

துரை பங்களாவில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்ததாம். கண்ணாடி உடைந்துபோய் வெறும் சட்டம் மட்டும் கடைக்கு வந்தது. கொடியும் பூவும் செதுக்கித் தங்கமுலாம் பூசியது. இங்கே வந்த ஜப்பான் அதிகாரி அதைப் பார்த்து மயங்கிவிட்டான். பட்டாபிஷேகத்தை அந்தச் சட்டத்தில் போட்டு வேண்டுமாம். அளந்து பார்த்தால் படம் சட்டத்தைவிட ஒரு சாண் நீளம். புதுச் சட்டம் செய்கிறேன், அதே மாதிரி பூச் செதுக்குகிறேன் என்றேன். சீனி கேட்கவில்லை.

"அவனுக்குப் புடிச்சது சட்டம்யா. படத்த யாரு பாக்குறா? கீழ ஒரு சாண் போனா என்னலா? கொரங்குதானே இருக்கு!" என்றான்.

குரங்காம்! அனுமார் மண்டியிட்டு ராமர் பாதத்தைக் கையில் தாங்கியிருக்கிற இடம் அது. படத்துக்குத் தகுந்தபடி சட்டம் செய்வதுதான் தொழில். சட்டத்துக்குத் தகுந்தபடி படத்தை அறுக்கிறவன் கசாப்புக்காரன். மரம் அறுக்கிற வாளைக் கையில் கொடுத்தான், மேசையில் வைத்துவிட்டேன். அறுத்துக் கொடுத்தால் ஒரு மூட்டைத் தவிடும் அரிசியும் தருகிறேன் என்று வேறு ஆசை காட்டுகிறான். என்னை யார் என்று நினைத்தான்? அவன் வெற்றிலைச் சாற்றைத் துப்புகிற வாளியும் அந்த ராமர் முகமும் ஒரே அறையில் இருக்கின்றன. அதைப் பார்க்கச் சகிக்காமல் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்.

அர்ச்சுனன்

~

சுங்காய்,
31-5-1943

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ராமர் காலுக்கு ஒரு பக்கம் முழுக்க அழுதிருக்கிறீர்கள். உங்கள் மகள் காலுக்குத் தலையணை வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். லயத்து வீட்டில் தலையணை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? இருந்த ஒன்றையும் விற்று உப்பு வாங்கினேன்.

வீக்கம் தொடைக்கு வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. மூன்றாவது வீட்டு மாரியம்மாவின் மகன் இதே மாதிரி வீங்கித்தான் செத்தான். குழி தோண்டக் கூட ஆள் இல்லாமல் பொம்பளைகள் நாங்களே தோண்டினோம். அந்த மண் இன்னும் என் நகத்தில் இருக்கிறது. இதைப் படிக்கும்போது குமட்டுகிறதா? குமட்டட்டும்.

கையில் தவிடு இருந்தபோது மானம் வந்தது, எடுக்கவில்லை. இப்போது ஒரு மூட்டையே தருகிறேன் என்கிறான், அதற்குப் பக்தி வந்துவிட்டது. வாத்து தின்கிறது மச்சான். வாத்து!

அறுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அறுத்துக் கொடுத்துவிட்டுத் தவிட்டை வாங்குங்கள். அனுமாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பாவம் என்று ஒன்று வந்தால் அது முழுக்க என் தலையில் வரட்டும்.

மங்களம்

~

ஈப்போ,
9-6-1943

அன்புள்ள மங்களத்துக்கு,

உன் கடிதத்தில் இருந்த கோபம் எனக்குப் புரிகிறது. பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் நீயும் என்னைக் கொஞ்சம் புரிந்துகொள்ளவேண்டும்.

ஒரு படத்தை எடுத்து மேசையில் வைக்கிறபோது அதற்கு நான்தான் பொறுப்பு. உடைந்ததை ஒட்டலாம், எழும்பியதைப் படிய வைக்கலாம், அழுக்கை எடுக்கலாம். இல்லாததை உண்டாக்கக் கூடாது, இருப்பதை வெட்டக் கூடாது. எனக்குத் தெரிந்த தர்மம் இவ்வளவுதான். ஊரெல்லாம் நாறிக் கிடக்கும்போது இதையும் விட்டுவிட்டால் சீனிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மேலும், சாமி காலை அறுத்துக் கொண்டுவந்த தவிட்டைப் பிள்ளை வாயில் வைத்தால் அது உடம்பில் சேருமா? அந்தப் பாவம் அவள் மேல்தான் விழும். அவள் நன்மைக்காகத்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இத்துடன் திருநீற்றோடு மடித்து ஒரு துண்டு தங்கரேக்கு அனுப்பியிருக்கிறேன். ராமர் கிரீடத்திலிருந்து தானாக உதிர்ந்தது, நான் எடுக்கவில்லை. பிள்ளையின் தலைமாட்டில் வை. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

சீனி நேற்றும் வந்து கத்திவிட்டுப் போனான். அவன் வாயிலிருந்து வருகிற நாற்றத்தில் வார்னிஷ் கூடக் காயாது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அர்ச்சுனன்

~

ஈப்போ,
2-7-1943

அன்புள்ள மங்களத்துக்கும் என் கண்ணான அஞ்சலைக்கும்,

உன்னிடமிருந்து ஒரு வரி கூட வரவில்லை. கோபம் என்று தெரிகிறது. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கோபம் இருக்காது.

அறுத்துவிட்டேன்.

போன புதன்கிழமை காலையில் வாளை எடுத்தேன். பலகை நன்றாக உலர்ந்த பலா, லேசில் இறங்கவில்லை. மேலே ஒட்டியிருந்த துணி நார் நாராக வாள் பல்லில் சிக்கிக்கொண்டது. சுண்ணாம்பு மேடு பொரிந்து உதிர்ந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முந்தின புளியங்கொட்டைப் பசையின் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. பாதி அறுத்தபோது வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லை, பச்சைத் தண்ணீராக வந்தது. திரும்ப வந்து மீதியை அறுத்தேன்.

அனுமாரின் உடம்பு கீழே போய்விட்டது. அவர் கை மட்டும் ராமர் பாதத்தோடு மேலே தங்கிவிட்டது. சட்டத்தில் மாட்டிப் பார்த்தால் எங்கிருந்தோ ஒரு கை மட்டும் வந்து காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சீனி அதைப் பார்த்துச் சிரித்தான். "அந்தக் கைய மறைச்சி ஒரு பூவப் போட்டுருலா" என்றான். போட்டேன் மங்களம். என் கையாலேயே ஒரு தாமரைப் பூவை வரைந்து அனுமார் கையை மூடினேன். சட்டத்துப் பூவுக்கு எடுப்பாக இருக்கிறது என்று அதிகாரி சொன்னானாம். என் கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கழுவிப் பார்க்கிறேன், போகவில்லை.

இதெல்லாம் யாருக்காக? நம் அஞ்சலைக்காக. அவள் கால் ஒன்றுதான் என் கண் முன்னால் நின்றது. வேறு எதற்கும் நான் அந்த வாளைத் தொட்டிருக்க மாட்டேன். பிச்சைமுத்துவிடம் ஒரு மூட்டைத் தவிடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். சலித்து, வறுத்து, கஞ்சியில் போட்டுக் கொடு. அவள் பெரியவளானதும் அப்பா அவளுக்காக என்ன செய்தார் என்று சொல்.

இனி எனக்குக் கவலை இல்லை. கடைக்கு அவசியமான ஆள் என்று சீனி என் பேரை எழுதிக் கொடுத்துவிட்டான். கடைக்குப் பின்னால் ஓர் அறையும் தருகிறான். நீங்கள் இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள். எப்போது லாரி ஏறுகிறாய் என்று உடனே எழுது.

என்றும் உங்களை நினைத்திருக்கும்
அர்ச்சுனன்

~

சுங்காய்,
10-7-1943

அர்ச்சுனன் அவர்களுக்கு,

தவிட்டு மூட்டை வந்து சேர்ந்தது. நல்ல தவிடுதான்.

அஞ்சலை எழுந்து நடக்கிறாள். உங்கள் தங்கரேக்கு வந்த அன்றைக்கே நான் உங்களை நம்புவதை விட்டுவிட்டேன். அதைப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கவில்லை, அடுப்பில் போட்டேன். மறுநாள் விடியற்காலையில் அவளை முதுகில் கட்டிக்கொண்டு சாலைப் பக்கம் பன்றி வளர்க்கிற சீனத்தி ஆ மூய் வீட்டுக்குப் போனேன். பன்றிக்கு அரிசி ஆலையிலிருந்து தவிடு வருகிறது என்று முந்தின ராத்திரிதான் இருளாயி அக்கா சொன்னாள். கொட்டகை கழுவுகிறேன், தவிடு கொடு என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

அந்த வேலையைப் பற்றியும் கேளுங்கள். நீங்கள் பசை நாற்றத்தைப் பக்கம் பக்கமாக எழுதினீர்களே. முழங்கால் வரைக்கும் பன்றிச் சாணியில் நின்று, தொட்டியில் ஒட்டினதைக் கையால் சுரண்டி எடுக்கவேண்டும். முதல் நாள் நான் வாந்தி எடுத்தேன். நான் எடுத்த வாந்தியையும் பன்றியே வந்து தின்றது. ஆ மூய் "சுசா, சுசா", கஷ்டம்தான் என்று மலாயில் சொல்லி என் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வாளியைத் திரும்பவும் என் கையிலேயே கொடுத்தாள். கழுநீரில் கொட்டுவதற்கு முன்னால் ஒரு டின் தவிடு எனக்கு. வறுத்துக் கொஞ்சம் வெல்லம் சேர்த்து உருட்டினேன். அஞ்சலை முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மூக்கைப் பிடித்து ஊட்டினேன். ஒரு வாரத்தில் மூச்சு சீரானது. அடுத்த வாரம் பாதத்தில் எலும்பு தெரிந்தது. அந்த எலும்பைப் பார்த்து நான் அழுத அழுகை உங்களுக்குத் தெரியாது.

கடிதம் எழுத எனக்கு நேரம் ஏது? கை நாற்றத்தோடு பேனாவைத் தொடவும் பிடிக்கவில்லை. அதனால்தான் பிச்சைமுத்து அண்ணனிடம் வாயால் சொல்லியனுப்பினேன். அவர் சொன்னாரா இல்லையா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூட்டையை இறக்கும்போது கேட்டேன். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"செவ்வாக்கிழம பொழுதோடயே சொல்லிட்டேன்மா. பாப்பாவுக்குக் கால் வத்திருச்சி, ஓடியாடுது, தவிட்டுக்கு அலைய வேண்டாம்னு சொன்னேன். அண்ணனும் நல்லது நல்லதுன்னாரு. அப்பறம் சீனி முதலாளி வந்தாரு. சயாம் ரயில் ரோடு போட ஜப்பான்காரன் ஆள் கேக்குறான், வேல செய்யாதவன் பேரத்தான் மொதல்ல எழுதப்போறேன்னாரு. விடிஞ்சதும் அண்ணன் வாள எடுத்துட்டாரு" என்றார்.

பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் அறுத்திருக்கிறீர்கள்.

பயந்துபோய் அறுத்தேன் மங்களம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். சயாம் என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை? இந்த லயத்திலிருந்து கொண்டுபோன ஆம்பளைகளில் ஒருத்தர் கூட இன்னும் திரும்பவில்லை. நீங்கள் அதில் மாட்டாதது எனக்குச் சந்தோஷம்தான், அதை நான் மறைக்கவில்லை. பயந்த புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அறுக்கவே மாட்டேன் என்று கடைசிவரைக்கும் நின்றிருந்தால் கூட, திட்டிக்கொண்டே மனசுக்குள் கொஞ்சம் மதித்திருப்பேன். இப்போது எதைச் செய்வது? அவள் மூச்சுத் திணறிக் கிடந்தபோது அவளுக்காக வாளைத் தொடாதவர், உங்கள் உயிருக்காகத் தொட்டுவிட்டு அவள் பேரை எழுதுகிறீர்கள். பெரியவளானதும் சொல் என்று வேறு கேட்கிறீர்கள். பன்றிக் கொட்டகையில் பழகிப்போன என் மூக்குக்கு உங்கள் கடிதம் நாறுகிறது.

தவிட்டைத் திருப்பி அனுப்பவில்லை. தின்கிற பொருளை வீம்புக்காகத் திருப்பியனுப்பும் திமிர் எனக்கு இல்லை. இருளாயி அக்காவின் சின்னவனுக்கு நேற்றிலிருந்து கால் வீங்க ஆரம்பித்திருக்கிறது. மூட்டையை அப்படியே அவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் ஈப்போவுக்கு வரவில்லை. நீங்களும் இங்கே வரவேண்டாம். அஞ்சலை கேட்டால் அவளிடம் உங்களைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்ல மாட்டேன், அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். அப்பா ஈப்போவில் படக்கடையில் வேலை செய்கிறார் என்று மட்டும் சொல்வேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மங்களம்